ஓடுவதற்குக் கால் தேவையில்லை

சென்ற இதழில், ஆங்கிலத்தில் மிக அதிகமான பொருள்களைச் சுமக்கும் வினைச்சொல் ‘ரன்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மற்றவற்றையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டதால், இந்த முறை பகுதி முழுவதையும் அந்தச் சொல்லுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள், ‘மை அங்கிள் ரன்ஸ் எ ஹாஸ்பிட்டல்’ என்ற வாக்கியத்தை ‘என் மாமா மருத்துவமனைக்கு ஓடுகிறார்’ என்று மொழிபெயர்த்து, வகுப்பே சிரிக்கும்படி ஆகிவிட்டது. வீட்டு அகராதியைப் பிரித்தால் இந்த ஒரு சொல்லுக்கே பக்கம் பக்கமாகப் பொருள் தந்திருக்கிறார்கள். இத்தனைக்கும் அடியில் ஏதாவது ஒரு மூலப்பொருள் உண்டா, அல்லது எல்லாவற்றையும் உருப்போட வேண்டியதுதானா? – வாசகி ஒருவர், கரூர்

பதில்: உங்கள் மகள் தாம் முதலில் கற்ற பொருளை நம்பி எழுதியிருக்கிறார், அதில் பெரிய குற்றம் இல்லை. அகராதி எழுதுபவர்களையே திணற அடித்த சொல் இது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. 1989இல் 20 தொகுதிகளாக வந்த அதன் இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற வினைதான் முதலிடத்தில் இருந்தது. அதற்கு 430 பொருள்கள். அவற்றை விளக்குவதற்கு ஏறத்தாழ 60,000 சொற்கள் தேவைப்பட்டன. பின்னர், மூன்றாம் பதிப்புக்காக ‘ரன்’ என்ற வினையைத் திருத்தி எழுதும் பொறுப்பு பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளரிடம் வந்தது. அவர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். நம் ஊர்க் கணக்கில் ஒரு பிள்ளையைச் சுமப்பதற்கு ஒரு மாதம் குறைவு. முடிவில் தேறியவை 645 பொருள்கள்.

மூலப்பொருள் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் அதைக் காலில் தேடினால் அகப்படாது. தண்ணீரில் தேட வேண்டும். இந்த வினைக்கு நெருங்கிய உறவான ‘ரின்னன்’ என்ற ஜெர்மன் வினைக்கு இன்றும் ஒழுகுதல், வழிதல் என்பதே பொருள். கூரையின் ஓரத்தில் மழைநீரை வடிப்பதற்குக் கட்டும் தூம்பை அவர்கள் ‘ரின்ன’ என்கிறார்கள். அதே வேரிலிருந்து கிளைத்த ‘கெரின்னன்’ என்ற சொல், பால் திரிவதையும் இரத்தம் உறைவதையும் குறிக்கும். பாலாடைக்கட்டி செய்யப் பாலில் விடும் உறைப்பொருளுக்கு ஆங்கிலத்தில் ‘ரென்னட்’ என்று பெயர் வந்ததும் இந்த வழியில்தான். பழைய ஆங்கிலத்திலேயே மனிதன் ஓடுவதற்கும் நீர் ஓடுவதற்கும் ஒரே வினைதான் இருந்தது. மூக்கு ஒழுகினாலும், குழாயில் தண்ணீர் விழுந்தாலும், மை ஊறிப் பரவினாலும், துவைக்கும்போது சாயம் போனாலும் ஆங்கிலேயர் எல்லாவற்றையும் ‘ரன்’ என்றே சொல்வதற்கு இந்த நீர்த்தொடர்பே காரணம். நாம் இவற்றை ஒழுகு, விழு, ஊறு, போ என்று பிரித்துக்கொள்கிறோம். ஆற்றை மட்டும் இருவருமே ஓடவிடுகிறோம். ‘ஓடை’ என்ற பெயரிலேயே அந்த வினை கேட்கிறது. (இடையில் ஒன்று: மூக்குக்கு நாம் வைத்திருக்கும் ‘ஒழுகு’ என்ற வினைதான் தமிழில் ‘ஒழுக்கம்’ என்பதற்கும் அடி. அவர்களுடைய நீர்ச்சொல் நிர்வாகம் செய்யப் போயிற்று. நம்முடைய நீர்ச்சொல் அறம் சொல்லப் போயிற்று.)

ஆகவே, நிற்காமல் ஒரு தடத்தில் போய்க்கொண்டிருத்தல் என்பதை அடிப்பொருளாக வைத்துக்கொண்டால், அகராதியின் பாதிப் பக்கங்கள் தாமாகவே அடங்கிவிடும். மீதிப் பாதிக்கு இன்னொரு செய்தி தெரிய வேண்டும். தமிழ் இலக்கணம் கற்றவர்களுக்கு அது மிக எளிது என்பதுதான் இதில் மகிழ்ச்சி.

தமிழில் ஓடு என்பது தன்வினை, ஓட்டு என்பது பிறவினை. ஆடு–ஆட்டு, உருள்–உருட்டு, திரும்பு–திருப்பு என்று இத்தகைய இணைகள் நம்மிடம் நூற்றுக்கணக்கில் உள்ளன. பழைய ஆங்கிலத்திலும் இப்படி இணைகள் இருந்தன. தானாக ஓடுவதற்கு ‘ரின்னன்’ என்றும், எழுத்து இடம்மாறி ‘இர்னன்’ என்றும் ஒரு சொல் இருந்தது. தசை நம் வாயில் சதை ஆனதைப் போன்ற இடமாற்றம் அது. குதிரையை ஓட்டுவதற்கோ ‘ஏர்னன்’ என்று வேறொரு சொல் இருந்தது. வடக்கிலிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியரிடமும் இதே வகை இணை ஒன்று இருந்தது. இந்த நான்கும் நூற்றாண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று உரசி, ஒலியால் நெருங்கி, இறுதியில் ‘ரன்’ என்ற ஒரே வடிவமாகக் கரைந்துவிட்டன. ஓடுகிறவனுக்கும் ஓட்டுகிறவனுக்கும் ஒரே சொல் என்று ஆனதும், அந்தச் சொல்லின் சுமை ஒரேயடியாக இரட்டித்தது.

ஆங்கிலத்தின் மற்ற இணைகள் சில இன்றும் பிரிந்தே நிற்கின்றன. ‘ஃபால்’ என்றால் விழுதல், ‘ஃபெல்’ என்றால் மரத்தை வீழ்த்துதல். ‘ட்ரிங்க்’ என்றால் குடித்தல். அதன் பிறவினையான ‘ட்ரெஞ்ச்’ இன்று பெரும்பாலும் நனைத்துவிடுதல் என்ற பொருளில் வழங்கினாலும், கால்நடை மருத்துவர்கள் மாட்டுக்கு மருந்து புகட்டுவதை இன்றும் அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். முன்பு முதலிடத்தில் இருந்ததாகச் சொன்ன ‘செட்’ வேறொன்றும் இல்லை, ‘சிட்’ என்பதன் பிறவினை. உட்காரவைத்தல் என்பதே அதன் தொடக்கப் பொருள். முதல் இரண்டு இடங்களைப் பிடித்த சொற்கள் இரண்டுமே இந்தப் பிறவினை வாசல் வழியாக வந்தவை என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

இனி உங்கள் மகளின் வாக்கியத்துக்கு வருகிறேன். ‘ஹாஸ்பிட்டல்’ அங்கே செயப்படுபொருளாக நிற்கிறது. எனவே மாமா ஓடவில்லை, மருத்துவமனையை ஓடவைக்கிறார். இதைத் தமிழாக்கும்போது ஒரு வேடிக்கை நிகழ்கிறது. நாம் ‘மருத்துவமனையை ஓட்டுகிறார்’ என்று சொல்வதில்லை, ‘நடத்துகிறார்’ என்கிறோம். ஆங்கிலேயர் பள்ளியையும் கடையையும் நாட்டையும் ஓடவைக்கிறார்கள். நாம் அவற்றை நடக்கவைக்கிறோம். எது ஓட வேண்டியது, எது நடக்க வேண்டியது என்பதில் தமிழ் மிகக் கறாராக இருக்கிறது. சந்தேகம் இருந்தால் அரசுப் பேருந்து ஒன்றில் ஏறிப் பாருங்கள்: முன்னால் ஓட்டுநர் இருப்பார், பின்னால் நடத்துநர் இருப்பார். தப்பித்தவறி, ‘கடையை எப்படியோ ஓட்டிக்கொண்டிருக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், வியாபாரம் சரியில்லை என்று உடனே புரிந்துகொள்கிறோம். பிழைப்பை ஓட்டுவதும் காலத்தை ஓட்டுவதும் அதே பெருமூச்சோடு சொல்லப்படுபவை. ஆங்கிலச் சொல்லில் அந்தப் பெருமூச்சு கிடையாது.

நகராத பொருள்களையும் இந்தச் சொல் ஓடவிடும். ஆற்றை ஒட்டிச் சாலை ‘ரன்’ ஆகிறது, தோட்டத்தைச் சுற்றி வேலி ‘ரன்’ ஆகிறது. சாலை ஓர் அடிகூட நகரவில்லை. அதன் மீது ஓடுவது பார்ப்பவரின் கண். இதைக் கேட்டு வியப்படைய வேண்டியதில்லை. நாமும் சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது என்கிறோம். வேர் ஓடியிருக்கிறது, நரம்பு ஓடுகிறது என்கிறோம். ஆனால் சாலையை மட்டும் நாம் ஓடவிடாமல், போகவோ செல்லவோ விடுகிறோம்.

இந்தச் சொல் இவ்வளவு வீங்கியதற்கு இயந்திரங்களே காரணம் என்று சொல்வோர் உண்டு. நீராவி எந்திரமும், தொழிற்சாலையும், இரயிலும், கடைசியில் கணினி நிரலும் வர வர, இயங்குபவை அனைத்துக்கும் இந்த வினையே போதும் என்று ஆகிவிட்டதாம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் இயந்திரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த வாய்ப்பு மொழிக்குள் இருந்தது என்பதற்குத் தமிழே சாட்சி. ‘கடலோடா கால்வல் நெடுந்தேர் கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து’ என்ற 496ஆம் குறளில் சக்கரமும் கப்பலும் ஒரே வினைக்குள் வந்துவிடுகின்றன. வேகமும் இதற்குக் கட்டாயம் இல்லை. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து, அடி அடியாக நகர்த்தி, முட்டுக்கட்டை போட்டு நிறுத்தி, மீண்டும் இழுக்கும் நிகழ்ச்சிக்கு நாம் வைத்திருக்கும் பெயர் தேரோட்டம்.

உங்கள் மகளுக்கு ஒரே ஒரு யோசனை. இந்தச் சொல்லைக் கண்டவுடன் பொருளைத் தேடாமல், ஓடுவது எது, ஓட்டுவது யார் என்று முதலில் கேட்டுக்கொள்ளட்டும். அதற்கு விடை கிடைத்தால், பொருத்தமான தமிழ் வினை பெரும்பாலும் தானே வாய்க்கு வரும்.

கேள்வி: கிரிக்கெட்டில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் யாரும் ஓடுவதில்லை. பிறகு ஏன் அதை நான்கு ‘ரன்’ என்கிறார்கள்? ‘ஓட்டம்’ என்று தமிழில் எழுதுவது அதைவிடப் பொருத்தமற்றது அல்லவா? – கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: தொடக்கத்தில் ஒவ்வொன்றையும் ஓடித்தான் எடுத்தார்கள். அந்தக் காலத்தில் அதன் பெயரும் வேறாக இருந்தது. ஆட்டக் கணக்கு வைப்பவர் ஒரு குச்சியில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வெட்டு வெட்டிக்கொள்வார். அதனால் 18ஆம் நூற்றாண்டில் ஓட்டங்களை ‘நாட்ச்’, அதாவது வெட்டு, என்றே எண்ணினார்கள். கணக்குக் குச்சியிலிருந்து தாளுக்கு மாறிய பின்னர், எண்ணிக்கையின் பெயர் போய்ச் செயலின் பெயர் நிலைத்தது. எல்லைக்கோடு என்ற ஏற்பாடு பிற்பாடு வந்தது. அதைத் தாண்டிய பந்துக்குக் கிடைக்கும் நான்கையும் ஆறையும் ஆட்ட விதிகள் சலுகையாகவே கருதுகின்றன. ஓடாமலே ஓடியதாக வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுப்பதே அதன் பொருள். படித்தொகை என்று வாங்குகிறோமே, அதைப்போல.

‘ஓட்டம்’ என்ற தமிழாக்கத்தைக் குறை சொல்ல நான் உடன்படமாட்டேன். மூலத்தில் உள்ள அதே பொருத்தமின்மையை அது நேர்மையாகச் சுமக்கிறது. மொழிபெயர்ப்பிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? இலங்கைத் தமிழ்ச் செய்தித்தாள்களும் வானொலியும் அதைத் தயக்கமின்றிப் பயன்படுத்துகின்றன. தமிழ்நாட்டிலும் செய்தித்தாளில் ‘ஓட்டம்’ என்று படித்துவிட்டு, தெருவில் ‘ரன்’ என்றே பேசுகிறோம். ‘ரன் அவுட்’ என்பதை மட்டும் தமிழாக்க முனைந்தவர்கள் எல்லோருமே பாதி வழியில் ஆட்டமிழந்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

இதே ‘ரன் அவுட்’ ஆடுகளத்துக்கு வெளியே தீர்ந்துபோதல் என்று ஆகிவிடுகிறது. வீட்டில் அரிசி தீர்ந்தாலும், வண்டியில் பெட்ரோல் தீர்ந்தாலும், பேச வந்தவருக்கு நேரம் தீர்ந்தாலும் அதே சொல்தான். மணற்கடிகையின் மேற்குடுவையிலிருந்து மணல் முழுவதும் ஒழுகிப்போவதை மனத்தில் நிறுத்திக்கொண்டால் போதும், மறக்காது.

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். ‘பேங்க் ரன்’ என்பதைச் செய்தித்தாள்கள் ‘வங்கி ஓட்டம்’ என்று எழுதுவதைப் பார்க்கிறேன். வங்கியா ஓடுகிறது? – வாசகர், மதுரை

பதில்: ஓடுவது வங்கி அன்று, வாடிக்கையாளர்கள்; இன்னும் சரியாகச் சொன்னால், அவர்களுடைய பணம். வங்கியில் போட்ட பணம் திரும்பக் கிடைக்காதோ என்ற அச்சம் பரவி, எல்லோரும் ஒரே நேரத்தில் அதை எடுக்க முண்டியடிப்பதையே இது குறிக்கிறது. வைப்புத்தொகையை எந்த வங்கியும் முழுவதுமாகப் பெட்டியில் வைத்திருப்பதில்லை. பெரும்பகுதி கடனாக வெளியே போயிருக்கும். ஆகவே, திடமான வங்கியைக்கூட வதந்தி ஒன்று வீழ்த்திவிட முடியும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டக்ளஸ் டயமண்ட், பிலிப் டிப்விக் ஆகிய இருவரும் இதைக் கணித மாதிரியாக 1983இல் விளக்கினார்கள். பென் பெர்னாங்கியோடு சேர்த்து அவர்களுக்கு 2022இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

சொல்லின் போக்கைக் கவனிப்பவனுக்கு இதில் சுவையானது வேறொன்று. 2007 செப்டம்பரில் இங்கிலாந்தின் நார்தர்ன் ராக் வங்கிக்கு இது நேர்ந்தபோது, மக்கள் கிளைகளின் வாசலில் மணிக்கணக்காக வரிசையில் நின்றார்கள். பெயர் ஓட்டம், செயல் நிற்றல். 2023 மார்ச் 9ஆம் தேதி அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 42 பில்லியன் டாலர் வெளியேறியது. அன்று வாடிக்கையாளர்கள் நிற்கக்கூட இல்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே கைப்பேசியிலும் கணினியிலும் பணத்தை மாற்றிவிட்டார்கள். மறுநாள் அந்த வங்கி மூடப்பட்டது. சொல் மீண்டும் தன் பழைய நீர்ப்பொருளுக்கே திரும்பிவிட்டதைப் போலத் தோன்றுகிறது: மடை திறந்தது, பணம் ஓடிவிட்டது.

‘வங்கி ஓட்டம்’ என்பதை நான் எழுதமாட்டேன். வங்கி எங்கோ தலைமறைவானது என்று படிப்பவர் எண்ணிக்கொள்வார். கடன் வாங்கிவிட்டு ஓடிப்போனவர்களைப் பற்றிய செய்திகளுக்கு நடுவே அது இன்னும் குழப்பும். ‘பணம் எடுக்க முண்டியடித்தல்’ என்று நாலு சொல் கூடுதலாகப் போனாலும் பொருள் தெளிவாக இருக்கும்.

கேள்வி: அமெரிக்காவில் தேர்தலுக்கு ‘ரன்’ பண்ணுகிறார்கள். நம் ஊரில் மட்டும் ஏன் ‘நிற்கிறார்கள்’? – வாசகர், திருநெல்வேலி

பதில்: நம் ஊரில் மட்டும் அன்று, பிரிட்டனிலும் நிற்கத்தான் செய்கிறார்கள். நாடாளுமன்றத்துக்கு ‘ஸ்டாண்ட்’ பண்ணுவது பிரிட்டிஷ் வழக்கு, பதவிக்கு ‘ரன்’ பண்ணுவது அமெரிக்க வழக்கு. தேர்தல் முறையே நமக்கு அந்த வழியில் வந்ததால், ‘தேர்தலில் நிற்கிறார்’ என்பதும் அதோடு சேர்ந்து வந்திருக்கலாம். இருந்தாலும் அது தமிழில் எவ்வளவு இயல்பாக உட்கார்ந்துவிட்டது பாருங்கள். யாருக்கும் அது மொழிபெயர்ப்பாகத் தோன்றுவதே இல்லை.

அமெரிக்காவிலும் தொடக்க காலத்தில், பதவியைத் தேடித் தானே அலைவது கண்ணியக் குறைவு என்று கருதப்பட்டது. அந்தப் பழைய வழக்கமும் புதிய வழக்கமும் நேருக்கு நேர் மோதிய தேர்தல் 1896இல் நடந்தது. மக்களாட்சிக் கட்சியின் வேட்பாளர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் இரயிலில் ஏறத்தாழ 18,000 மைல் சுற்றி, ஊர் ஊராகப் பேசினார். குடியரசுக் கட்சியின் வில்லியம் மெக்கின்லி, ஒஹையோ மாநிலத்துக் கான்ட்டன் நகரில் தம் வீட்டு முகப்புத் திண்ணையை விட்டு இறங்கவில்லை. கேட்க விரும்பியவர்கள் இரயிலேறி அவரைத் தேடி வந்தார்கள். ஓடியவர் தோற்றார், திண்ணையில் இருந்தவர் வென்றார். நம் கட்சிகள் ‘திண்ணைப் பிரச்சாரம்’ என்று சொல்லும்போது எனக்கு மெக்கின்லியின் நினைவு வரும்.

துணை அதிபர் பதவிக்கான வேட்பாளரை ‘ரன்னிங் மேட்’ என்பது குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த வழக்கு. ஒரே இலாயத்தைச் சேர்ந்த முதன்மைக் குதிரைக்கு வேகம் அமைத்துக் கொடுப்பதற்காகக் கூடவே ஓடவிடும் குதிரைக்கு அந்தப் பெயர்.

கேள்வி: இங்கே நாளிதழ்களில் ‘ரன் அமோக்’ என்ற தொடர் அடிக்கடி வரும். ‘அமோக்’ மலாய்ச் சொல். அதோடு ‘ரன்’ எப்படி ஒட்டிக்கொண்டது? – வாசகர், பினாங்கு, மலேசியா

பதில்: மலாய் மொழியில் ‘அமுக்’ என்பது, வெறி கொண்டு கண்மூடித்தனமாகத் தாக்குவதைத் தன்னிலேயே முழுமையாகச் சொல்லிவிடும். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்த்துக்கீசியப் பயணிகளின் எழுத்தில் அது ஏறிவிட்டது. ஆங்கிலேயரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் காதுக்கு அது வினையாக ஒலிக்கவில்லை. ஏதோ ஒரு நிலையின் பெயராகப் பட்டது. வினை இல்லாத சொல்லுக்கு வினை தேட வேண்டியபோது, கையருகில் இருந்த ‘ரன்’ பொருந்திக்கொண்டது. அந்தச் செயலில் உண்மையிலேயே ஓட்டம் உண்டு என்பதோடு, ஆங்கிலத்தில் இந்த வினைக்கு ‘ஆகிவிடுதல்’ என்ற பொருளும் இருக்கிறது. கிணறு ‘ரன் ட்ரை’ என்றால் வற்றிப்போகிறது, பிள்ளைகள் ‘ரன் வைல்ட்’ என்றால் அடங்காமல் போகிறார்கள். அந்த வரிசையில் ‘அமோக்’ எளிதாகச் சேர்ந்துவிட்டது. கடன் வாங்கிய சொல்லோடு ‘பண்ணு’ சேர்த்து நாம் ஒப்பேற்றுவதில்லையா? ஏறத்தாழ அதே தந்திரம்தான்.

இதைப்போல வேற்றுமொழியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட இன்னொன்றும் உண்டு. ‘ரன் த காண்ட்லெட்’ என்பதைப் பலர் இரும்புக் கையுறையோடு தொடர்புபடுத்துகிறார்கள். அந்தக் கையுறைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒலி ஒற்றுமையால் பின்னர் நேர்ந்த குழப்பம் அது. சந்து, ஓட்டம் என்ற இரு சொற்கள் சேர்ந்த ‘காத்லொப்’ என்ற சுவீடிஷ் சொல் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவில் நடந்த முப்பதாண்டுப் போரின் படைமுகாம்களில், குற்றம் செய்த வீரனை இரு வரிசைகளுக்கு நடுவே ஓடச்செய்து, இருபுறமும் நின்றவர்கள் அவனை அடிப்பது வழக்கம். ஓட்டம் ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒரு சொல்லுக்கு, அது தெரியாமல் வெளியிலும் ஒரு ‘ரன்’ சேர்த்தார்கள். நடுச் சென்டரில் நிற்கும் நமக்கு இதில் சிரிக்க உரிமை இல்லை.

கேள்வி: இரயில்வேயில் 31 ஆண்டுகள் வேலை செய்தேன். எங்கள் ‘ரன்னிங் ரூம்’ என்ற பெயரைக் கேட்டு என் பேரன் சிரிக்கிறான். அது சரியான ஆங்கிலமா? – வாசகர், திருச்சி

பதில்: முழுக்கச் சரி. வண்டியில் போய்வருகிற ஓட்டுநர், கார்டு போன்றோருக்கு இரயில்வே நிர்வாகத்தில் ‘ரன்னிங் ஸ்டாஃப்’ என்று பெயர். அவர்கள் ஒரு பயணத்துக்கும் அடுத்த பயணத்துக்கும் நடுவே உண்டு உறங்கி இளைப்பாறும் இடமாதலால் அது ‘ரன்னிங் ரூம்’. அறை ஓடுவதில்லை, அறைக்குள்ளும் யாரும் ஓடுவதில்லை. அங்கே நடப்பதெல்லாம் உறக்கம் மட்டுமே என்று பேரனிடம் சொல்லுங்கள், இன்னும் நன்றாகச் சிரிப்பான்.

அவனுடைய பள்ளியிலேயே இதைவிட அழகான எடுத்துக்காட்டு இருக்கிறது. எழுத்துகளைச் சேர்த்துச் சேர்த்து எழுதுவதை நம் ஆசிரியர்கள் ‘ரன்னிங் லெட்டர்’ என்பார்கள். அச்சிட்ட பாடநூல்களில் அதற்கு ‘கர்சிவ்’ என்று பெயர் போட்டிருக்கும். ‘கர்சிவ்’ என்பது ஓடு என்று பொருள்படும் ‘குர்ரெரெ’ என்ற இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது; ஆகவே ஆசிரியர் சொல்வதும் அச்சில் இருப்பதும் ஒன்றேதான். அதே இலத்தீன் வினையின் பிள்ளைகள் ஆங்கிலம் முழுவதும் வேறு வேறு உடையில் திரிகின்றன: கைக்குக் கை ஓடும் ‘கரன்சி’, கம்பியில் ஓடும் ‘கரண்ட்’, கடிதத்தோடு ஓடும் ‘கூரியர்’, அறைகளுக்கு நடுவே ஓடும் ‘காரிடார்’. பாடத்திட்டத்தைக் குறிக்கும் ‘கரிக்குலம்’ என்பதற்குக்கூட ஓட்டம், ஓடுகளம் என்பதே பழைய பொருள். பிள்ளைகள் மூச்சு வாங்குவது ஏன் என்று இப்போது புரிகிறது.

கேள்வி: ‘ஹி ரன்ஸ் எ கார்’ என்றால் ‘அவர் கார் ஓட்டுகிறார்’ என்பதுதானே? – வாசகி, வேலூர்

பதில்: இல்லை. மேலே ஓடு–ஓட்டு என்று சொன்னதை வைத்துக்கொண்டு இங்கே நம்பிக்கையோடு போனால் விழுந்துவிடுவோம். பிரிட்டிஷ் வழக்கில் அதற்குக் கார் ஒன்றைச் சொந்தமாக வைத்து, பெட்ரோல் போட்டு, பழுது பார்த்து, செலவு தாங்குகிறார் என்று பொருள். ஓட்டுவதற்கு அவர்களிடம் ‘ட்ரைவ்’ தனியாக இருக்கிறது. அதுவோ மாட்டை முன்னே விட்டு விரட்டுவதற்கான பழைய சொல். நாமும் காரை ஓட்டுகிறோம், மாட்டையும் ஓட்டுகிறோம் என்பதால், அந்த ஓரிடத்தில் மட்டும் இரு மொழியும் சரியாகச் சந்தித்துக்கொள்கின்றன.

கேள்வி: ‘ரன்’ என்பதற்கு 645 பொருள் என்றால், தமிழில் அதற்கு ஈடு கொடுக்கும் வினை எது? ‘ஓடு’தானா? – வாசகர், நாமக்கல்

பதில்: ஓடு அந்தப் போட்டியில் முதல் சுற்றைக்கூடத் தாண்டாது. ‘கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை’ என்பதைப் போல, ஆங்கிலத்துக்குக் கனவிலும் தோன்றாத சில வழக்குகள் அதனிடம் உண்டு. ஆனாலும் எண்ணிக்கையில் அடி, பிடி, எடு, போடு ஆகிய நான்கும் அதை எளிதில் முந்திவிடும். என்னைக் கேட்டால் போடுதான் முதலிடம் பெறும். கோலம் போடுகிறோம், சட்டை போடுகிறோம், சோறு போடுகிறோம், சண்டை போடுகிறோம், ஓட்டுப் போடுகிறோம், மொட்டை போடுகிறோம், திட்டம் போடுகிறோம், குட்டி போடுகிறது, நாமம் போடுகிறான். உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் காபி போட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு தாளில் எழுத ஆரம்பித்தேன். நாற்பதைத் தாண்டியபோது காபி ஆறிப்போயிருந்தது.